முதலாம் ஆண்டு அனாடமியும் பிசியாலஜியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம் ஆனதும் என் மேசைக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம் வந்து நிற்கும். முகங்கள் மாறும், கேள்விகள் அதேதான். உடற்கூறியல் துறையில் ட்யூட்டராகச் சேர்ந்த நாள் முதல் எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோதெரபி என்று மூன்று வகைப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டதையும் நான் சொல்லி வந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசை எதுவும் கிடையாது. அனாடமி என்பது உடம்பின் அமைப்பு, பிசியாலஜி என்பது அது வேலை செய்கிற விதம்.

பிளஸ் டூவில் பயாலஜியில் நல்ல மார்க். இங்கே வந்து முதல் இன்டர்னலிலேயே (கல்லூரிக்குள் வைக்கிற தேர்வு) ஃபெயில். எனக்கு என்ன ஆச்சு மேடம்?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளஸ் டூவில் இதயத்துக்கு நான்கு அறை என்று எழுதினால் மார்க் கிடைத்தது. இங்கே அந்த நான்கு அறைக்கும் எந்தத் தமனி ரத்தம் கொடுக்கிறது, அது எந்த இடத்தில் கிளை பிரிகிறது, அங்கே அடைத்தால் எந்தச் சுவர் செத்துப்போகும் என்று கேட்பார்கள். விஷயம் பல மடங்கு பெருகிவிட்டது, நீங்கள் படிக்கிற முறை மட்டும் பழையதாகவே இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, நான்கு தரம் வாசித்து, மூடி வைக்கிற முறையைத்தான் சொல்கிறேன். அனாடமி அதற்கு மசியாது.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: முதலில் தொடுங்கள், அப்புறம் வரையுங்கள், அப்புறம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கடைசியாகப் புத்தகத்தை வாசியுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மறந்துபோகிறது என்று வருத்தப்படுகிறார்கள். உங்கள் உடம்பு 24 மணி நேரமும் கூடவேதான் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கழுத்தெலும்பைத் தடவிப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அனாடமி கஷ்டமா, பிசியாலஜி கஷ்டமா?

மனப்பாடம் வராதவர்களுக்கு அனாடமி, யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு பிசியாலஜி. டைம்டேபிளில்தான் இரண்டும் தனித்தனி. ஒரே வாரத்தில் அனாடமியில் இதயமும் பிசியாலஜியில் ரத்தமும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்களாகவே இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாதி பாரம் குறையும். எப்படி என்று ஆட்டு இருதயம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நர்சிங் பிள்ளைகளுக்கும் எம்பிபிஎஸ் அளவுக்கு வேண்டுமா?

வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங்கில் 2021இல் வந்த செமஸ்டர் பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரிலேயே இரண்டும் வந்துவிடும், பெயரே ‘அப்ளைடு’ அனாடமி, ‘அப்ளைடு’ பிசியாலஜிதான். ஊசி போடுகிற இடம், நாடி பார்க்கிற இடம், கதீட்டர் போகிற வழி, இவை உங்களுக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும். பிசியோதெரபி என்றால் எலும்பு, தசை, மூட்டு, நரம்பு நான்கிலும் உங்களிடம் எம்பிபிஎஸ் பிள்ளைகள் சந்தேகம் கேட்கிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிகையாகச் சொல்லவில்லை, எங்கள் கல்லூரியில் நிஜமாகவே கேட்பார்கள்.

நான் தமிழ் மீடியம். இந்தப் பெயர்களைப் பார்த்தாலே வாய் சுளுக்குகிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் முன்னைவிட அதிகமாக மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவனுக்கும் ‘ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு’ புதுச் சொல்தான். அது இங்கிலீஷே இல்லை. லத்தீனும் கிரேக்கமும் கலந்த கலவை. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறீர்கள்.

அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்னம் என்றால் மார்பெலும்பு. கிளைடோ என்பது கிளாவிக்கிளைக் குறிக்கும், அதாவது காறை எலும்பு. மாஸ்டாய்டு என்பது காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படுகிற மேடு. தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பெயரே சொல்லிவிடுகிறது. இப்போது கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இடது பக்கம் திருப்புங்கள். வலது கழுத்தில் கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்தபடி மேலே போங்கள், காதுக்குப் பின்னால் போய் நிற்பீர்கள். கீழே வாருங்கள், இரண்டாகப் பிரிந்து மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் இறங்கும். இனி இந்தத் தசை உங்களுக்கு மறக்காது.

பெயர்களுக்குப் பின்னால் இருக்கிற பொருளைத் தேடிப் பிடிப்பது ஒரு ருசி. சார்ட்டோர் என்றால் லத்தீனில் தையல்காரர். சம்மணம் போட்டு உட்காரும்போது வேலை செய்கிற தொடைத் தசைக்கு அதனால்தான் சார்ட்டோரியஸ் என்று பெயர். டிபியா என்றால் புல்லாங்குழல். காக்ஸிக்ஸ் என்றால் குயில், அந்த வால் எலும்பு குயிலின் அலகு போல வளைந்திருக்கிறதாம். பள்ளிப் புத்தகத்தில் காது எலும்புகளைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று படித்திருப்பீர்களே, மேலியஸ், இன்கஸ், ஸ்டேப்பிஸ் என்பவையும் அதே சுத்தியும் பட்டடையும் அங்கவடியும்தான். ஆகவே பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

படிப்பதைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், தோழிக்குத் தமிழில் விளக்குங்கள், விடைத்தாளில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் இது சரிப்படாது என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்டுங்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காக ஆங்கில மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அனாடமிக்கு அவர்கள் வைத்திருந்த சொல் அங்காதிபாதம், பிசியாலஜிக்குச் சுகரணவாதம். ‘நாளைக்கு அங்காதிபாதம் பரீட்சை’ என்று அந்தப் பிள்ளைகளும் ராத்திரி புலம்பியிருப்பார்கள்.

உடலை அறுத்துப் படிக்கிற டிஸெக்ஷன் ஹால் என்றாலே பயம். மயக்கம் போட்டு விழுந்துவிடுவேனோ?

நான் விழுந்திருக்கிறேன். படித்த காலத்தில், முதல் நாள், காலையில் சாப்பிடாமல் போனேன். வெறும் வயிற்றில் போனால் வாந்தி வராது என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பினேன். வாந்தி வரவில்லை, நேராகத் தரைக்கே வந்துவிட்டேன். ஆகவே முதல் அறிவுரை: இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சுவரோரமாக நில்லுங்கள். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் கீழே உட்கார்ந்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பது உடலைப் பார்ப்பதைவிட நெடிதான். ஃபார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் 37 முதல் 40 சதவீதம் வரை கரைத்ததுதான் ஃபார்மலின். அது புரதங்களை இறுகக் கட்டிப்போடுவதால் உடல் அழுகாமல் இருக்கிறது. அதே வேலையை உங்கள் கண்ணிலும் மூக்கிலும் கொஞ்சம் செய்துபார்க்கும், அதனால்தான் எரிச்சல். கான்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள், கண்ணாடி போடுங்கள். கையுறை கட்டாயம். முடியை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் ராத்திரி தலையணை வரைக்கும் அந்த வாடை வரும். ஒரு வாரத்தில் மூக்குப் பழகிவிடும். இரண்டாவது மாதம் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்று கேன்டீன் பஜ்ஜியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அதுதான் என்னுடைய கவலையும். பழகுவது வேறு, அலட்சியம் வேறு. போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். படம் எடுப்பது தப்பு, இதில் பேச்சுக்கே இடமில்லை. இப்போது எம்பிபிஎஸ் பிள்ளைகள் முதல் நாள் கடாவர், அதாவது படிப்பதற்கு வந்த உடலை மதிப்போம் என்று உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள், நல்ல பழக்கம். நாங்கள் படித்தபோது நேராகக் கத்தியைத்தான் கையில் கொடுத்தார்கள்.

அந்த உடல்கள் எங்கிருந்து வருகின்றன?

இரண்டு வழி. உரிமை கோர யாரும் வராத உடல்களைச் சட்டப்படி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பது ஒன்று, நம் மாநிலத்தில் அதற்கு 1951ஆம் ஆண்டின் அனாடமி சட்டம் இருக்கிறது. மற்றது, உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்து, இறந்த பிறகு குடும்பத்தார் ஒப்படைப்பது. இரண்டாவது வகையில் சில சமயம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கூடவே வந்து மாலை போட்டுவிட்டுப் போவார்கள். அதை ஒருமுறை பார்த்த மாணவன் ஹாலில் சத்தமாகச் சிரிக்க மாட்டான்.

அன்றைக்கு மட்டன் சாப்பிட முடியுமா?

முடியும். ஒரு வாரம் கழித்து.

எங்கள் கல்லூரியில் கடாவர் கிடையாது, மாடல்தான். எப்படிப் படிப்பது?

மட்டன் கடைக்குப் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் ஊர்க் கறிக்கடைக்காரர் ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய், குடல், மூளை என்று பெயர் சொல்லித் தனித்தனியாக எடுத்துக் கொடுப்பார். சுவரொட்டி என்பது மண்ணீரல், குண்டிக்காய் என்பது சிறுநீரகம். பாதி அனாடமி தெரிந்த மனிதர் அவர்.

ஒரு ஆட்டு இருதயம் வாங்குங்கள். “கீறாம முழுசா கொடுங்கண்ணே, மேல இருக்கற குழாயையும் வெட்டாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பழக்கதோஷத்தில் நான்காக வெட்டிப் பையில் போட்டுவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் தட்டில் வையுங்கள். இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், அதுதான் இடது. மறுபக்கம் தளர்ந்து அமுங்கும், அது வலது. இதயத்தின் கூர்முனை முழுவதும் இடது கீழறைக்குச் சொந்தம்.

இப்போது முனைக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டுங்கள். இடது கீழறைச் சுவர் வலதைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். ஏன்? இங்கேதான் பிசியாலஜி உள்ளே வருகிறது. இரண்டு பக்கமும் ஒரு துடிப்புக்கு ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன, மனிதனில் சுமார் 70 மி.லி. ஆனால் வலது பக்கம் பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்கு 25 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தள்ளினால் போதும். இடது பக்கம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும், அதற்கு 120 வேண்டும். அளவு ஒன்று, அழுத்தம் வேறு, ஆகவே சுவர் வேறு. இந்த மூன்று எண்களும் இனி மனப்பாடம் இல்லை, கையால் அமுக்கிப் பார்த்த விஷயம்.

அடுத்த இருதயத்தில் மேலிருந்து கீழாகத் திறந்து பாருங்கள். வால்வின் ஓரங்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற தசையில் போய்க் கட்டியிருக்கும். அவை கார்டே டென்டினே. ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், சுலபத்தில் அறாது. பலத்த காற்றுக்குக் குடை பின்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும் இல்லையா, அப்படி வால்வு மேலறைப் பக்கம் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்கிற கம்பிகள் அவை. கை கழுவ மறக்காதீர்கள். அம்மாவின் காய்கறிக் கத்தியையும் எடுக்காதீர்கள்.

எலும்பு எப்படிப் படிப்பது? எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது.

பிறந்த குழந்தைக்குச் சுமார் 300 எலும்புத் துண்டுகள், வளர்ந்தவருக்கு 206. அதில் 106 கைகளிலும் பாதங்களிலும் இருக்கின்றன, ஒவ்வொரு கைக்கும் 27, ஒவ்வொரு பாதத்துக்கும் 26. ஆக, கணக்கு பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை.

எலும்பைக் கையில் எடுத்ததும் முதல் கேள்வி: வலதா, இடதா? அதைக் கண்டுபிடிக்காமல் பெயர்களைப் படிக்காதீர்கள். காறை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான முனை தோள் பக்கம், உருண்டு திரண்ட முனை மார்பெலும்புப் பக்கம். உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்கும். பள்ளம் இருக்கிற பக்கம் கீழே. மூன்றையும் பொருத்தினால் எலும்பு ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் சரியாக வரும். அதை உங்கள் உடம்பில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாணவர்கள் செய்ய மறப்பது இந்தக் கடைசி வேலையைத்தான், எலும்பை முருங்கைக்காய் மாதிரி காற்றில் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

காறை எலும்பிலேயே ஏகப்பட்ட கதை. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது இது, ஐந்தாறு வாரத்திலேயே. உடம்பில் படுக்கைவாட்டில் கிடக்கிற ஒரே நீள எலும்பு. கையை ஊன்றி விழுந்தால் அடிக்கடி முறிகிற எலும்புகளில் இதுவும் ஒன்று, அதுவும் பெரும்பாலும் வளைவு மாறுகிற இடத்தில். பைக்கிலிருந்து விழுந்த நண்பன் ஒருவனாவது உங்களுக்கு இருப்பான், கேட்டுப் பாருங்கள்.

பிரேகியல் பிளெக்ஸஸ். இதற்கு மேல் கேள்வி இல்லை மேடம்.

புரிகிறது. கைக்குப் போகிற நரம்புகளின் பின்னல் அது. வாசிக்காதீர்கள், வரையுங்கள். இடது ஓரத்தில் சி5, சி6, சி7, சி8, டி1 என்று ஐந்து கோடு, தண்டுவடத்திலிருந்து வருகிற நரம்பு வேர்கள், கழுத்தில் நான்கு, மார்பில் ஒன்று. முதல் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள், கடைசி இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள், நடுவில் இருப்பது தனியாகவே போகட்டும். இவை மூன்று ட்ரங்க். ஒவ்வொன்றையும் முன், பின் என்று இரண்டாகப் பிரியுங்கள், ஆறு டிவிஷன். பின்கோடுகள் மூன்றும் சேர்ந்து ஒரு கார்டு. முன்கோடுகளில் மேலே உள்ள இரண்டும் சேர்ந்து ஒன்று, கீழே உள்ளது தனியாக ஒன்று. ஆக மூன்று கார்டு. கடைசியில் ஐந்து நரம்பு.

முதல் தடவை சாலை விபத்து மாதிரி இருக்கும். ஒரு வாரம், தினமும் இரண்டு முறை, பார்க்காமல் வரையுங்கள். தப்பினால் அழிக்காதீர்கள், பக்கத்தில் புதிதாகப் போடுங்கள். ஏழாம் நாள் ஒரு நிமிடத்துக்குள் கை தானாகப் போடும்.

அதோடு விடாமல் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சம்பவத்தை ஒட்டி வையுங்கள். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அது அல்னார் நரம்பு. முழங்கையின் உள்பக்க மேட்டுக்குப் பின்னால், எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே போகிறது. ஷாக் அடிக்கிற இடமான சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும்தான் அது உணர்வு கொடுக்கிற பகுதி. நாற்காலியின் பின்புறத்தில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி, எழுந்ததும் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு அழுந்தியது ரேடியல் நரம்பு. இப்படி ஐந்துக்கும் ஐந்து ஆட்கள் கிடைத்துவிட்டால் அப்புறம் அது படம் இல்லை, ஊர்வம்பு.

பிசியாலஜிக்கு என்ன வழி? படிக்கும்போது புரிகிறது, எழுதும்போது வரவில்லை.

‘அதனால்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். குந்தி உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டு சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஏன்? ரத்தம் கால் சிரைகளில் தேங்குகிறது. அதனால் இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைகிறது. அதனால் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற அளவு குறைகிறது. அதனால் அழுத்தம் இறங்குகிறது, மூளைக்குப் போவது ஒரு கணம் குறைகிறது, கண் இருட்டுகிறது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணர்கிற பேரோரிசெப்டர்களின் நீட்சி குறைகிறது. அதனால் ஒன்பதாம் கபால நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதியான மெடுல்லாவுக்குப் போகிற சைகை குறைகிறது. அதனால் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது, இதயம் வேகமெடுக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. இவ்வளவும் சில வினாடிகளில் முடிகிறது. நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு “ஒண்ணுமில்ல, தலை லேசா சுத்துச்சு” என்று சொல்வதற்குள்.

இதில் ஒரு ‘அதனால்’ விடுபட்டால் கேள்வி கேட்பவர் அங்கேதான் வந்து நிற்பார். ஆகவே பதிலைச் சங்கிலியாக எழுதுங்கள், பாரா பாராவாக நினைவில் வைக்காதீர்கள்.

எண்களையும் அப்படியே விடாமல் பெருக்கிப் பாருங்கள். சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்கு 1440 நிமிடம். கணக்குப் போட்டால் 180 லிட்டர், வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் 12 குடம். சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மீதி எல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டவனுக்கு சிறுநீரகத்தின் வடிகட்டிக் குழாயான நெஃப்ரான் ஏன் அவ்வளவு நீளமாக மடிந்து மடிந்து கிடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிசியாலஜி லேபில் என் விரலையே நான் குத்திக்கொள்ள வேண்டுமா?

ஆமாம். மோதிர விரல், நுனியின் நடுவை விட்டுப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. தயங்கித் தயங்கி மெதுவாகக் குத்தினால் ரத்தமும் வராது, வலி மட்டும் மிஞ்சும், அப்புறம் இன்னொரு தடவை குத்த வேண்டும். விரலைப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்து எண்ணிக்கை தப்பாகும்.

சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்க்கும்போது அமிலத்தில் ரத்தம் கலந்து பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள். நான்கு நிமிடத்தில் பொறுமை இழந்து தண்ணீர் சேர்த்தால் நிறம் முழுதாக மாறியிருக்காது, உங்களுக்கு ஹீமோகுளோபின் 8 என்று வரும். ஒரு பேட்ச் முழுக்க ரத்தசோகை என்று ரெக்கார்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள், அதில் ஒருவன் கல்லூரிக் கபடி அணிக்காரன். தவளை இருந்த காலம் போய்விட்டது, அந்தப் பரிசோதனைகள் இப்போது கம்ப்யூட்டர் திரையில் நடக்கின்றன. தவளைகளுக்கு நல்லது, எங்களுக்கும் ஒன்றும் நஷ்டமில்லை.

ஹிஸ்டாலஜி (மைக்ராஸ்கோப்பில் திசுவைப் பார்ப்பது) ஸ்லைடெல்லாம் ரோஸும் ஊதாவுமாக ஒரே மாதிரி இருக்கிறதே?

நிறத்தை நம்பாதீர்கள், சாயம் பழசானால் மாறும். வடிவத்தை மட்டும் பாருங்கள். பலூன் பலூனாக, உள்ளே ரோஸ் நிறத்தில் கூழ் நிரம்பியிருந்தால் தைராய்டு. குறுக்குவரி உண்டு, கிளையும் உண்டு என்றால் இதயத் தசை, வரி மட்டும் என்றால் எலும்புத் தசை. முதலில் குறைந்த லென்ஸில் பாருங்கள். எடுத்த எடுப்பில் பெரிய லென்ஸைத் திருப்பி ஸ்லைடை உடைத்துவிட்டு, முன்னாலேயே உடைந்திருந்தது என்று சொல்லாதீர்கள். எங்களுக்குத் தெரியும்.

3டி ஆப், யூடியூப் வீடியோ போதாதா?

திருப்பிப் பார்க்க அருமை. ஆனால் ஆப்பில் எல்லோருக்கும் எல்லாம் இருக்கும், நிஜத்தில் அப்படி இல்லை. இப்போதே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டு, மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் ஒரு தசைநாண் புடைக்கிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ். சிலருக்கு ஒரு கையில் இருக்காது, சிலருக்கு இரண்டிலும் இருக்காது. நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு என்று பாடநூல்கள் சொல்லும், இனத்துக்கு இனம் மாறும். இல்லாதவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இருப்பவர்களிடமிருந்து அதை எடுத்து அறுந்த வேறு நாணுக்குப் பதிலாக வைத்துத் தைப்பார்கள். வகுப்பில் இதைச் சொன்னதும் 60 கைகள் ஒரே நேரத்தில் மடங்குவதைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு வருடமும் பிடித்த காட்சி. எனக்கு இடது கையில் இல்லை.

ஃபெயில் ஆனால்?

எம்பிபிஎஸ்ஸில் முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்பு. வருகை தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80. நான் பார்த்தவரை மார்க்கால் மாட்டிக்கொள்கிறவர்களைவிட வருகையால் மாட்டிக்கொள்கிறவர்கள் பாவம், படித்திருந்தும் எழுத முடியாமல் நிற்பார்கள். ஒரு இன்டர்னல் போனதற்காக ஹாஸ்டல் அறையைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். வந்து பேசுங்கள். எந்த இன்டர்னலில் நான் எவ்வளவு வாங்கினேன் என்று காட்டுகிறேன்.

மேசையில் வைத்திருப்பதைப் பார்த்துப் பெயர் எழுதுகிற ஸ்பாட்டரில் மட்டும் ஒன்று: தொடையெலும்புக்கு ‘ஃபீமர்’ என்று எழுதிவிட்டு வலதா இடதா என்று எழுதாமல் நகர்ந்துவிடாதீர்கள். மணி அடித்த பிறகு திரும்பி வர விடமாட்டார்கள்.

என் மகள் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு ஒரு பை எலும்போடு வந்திருக்கிறாள். மாமியார் சாமி அறையைப் பூட்டிவிட்டார். என்ன செய்வது?

இது ஒரு அம்மா போனில் கேட்டது. முதலில் அது கல்லூரியிலிருந்து முறையாகக் கொடுத்ததா, துறையில் கையெழுத்துப் போட்டு வாங்கியதா என்று மகளிடம் கேளுங்கள். அங்கே இங்கே விலைக்கு வாங்குவது வேண்டாம். நம் நாட்டு எலும்புக்கூடுகள் ஒரு காலத்தில் உலகமெங்கும் ஏற்றுமதியாயின, 1985இல் அரசு தடை போட்டது, அந்த வியாபாரத்தின் கதை நல்ல கதை இல்லை. இப்போது வருகிற பிளாஸ்டிக் எலும்பு படிக்கத் தாராளமாகப் போதும்.

முறையாக வந்ததுதான் என்றால் துணிப்பையில் சுற்றி, உயரமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். நான் படித்தபோது எங்கள் வீட்டிலும் இதே கலவரம்தான். பையைப் பரணில் ஏற்றிவிட்டு மறுநாள் படிக்க எடுத்தேன். பைமேல் மூன்று கோடாக விபூதி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லீவு முடிகிறவரை தினமும் புதுசாக இருந்தது.